ஒரு வாழைப்பழத்துக்காக சைகோன் வரை

நான் வியட்நாம் போனதற்குக் காரணம் ஒரு வாழைப்பழம்.

எங்களுக்குத் திருப்பூர் பக்கம் நல்லூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. கீழே தையல் மெஷின்கள், மேலே வீடு. போன வருஷம் பிரான்சிலிருந்து கிளேர் மேடம் என்ற பையர், துணி ஆர்டர் கொடுக்கிறவர், எங்கள் யூனிட்டைப் பார்க்க வந்தார். ஐம்பது வயதுக்காரர். நரைத்த தலைக்குச் சாயம் பூசாமல் அப்படியே விட்டிருந்தார். மெஷின், துணி, கழிப்பறை எல்லாம் பார்த்து முடித்ததும் சாப்பிட மேலே அழைத்துவந்தோம்.

அன்று காலையிலிருந்து நான் அடுப்பை விட்டு நகரவில்லை. காரம் குறைத்து நாட்டுக்கோழி வறுவல், அரிசிம்பருப்பு சோறு, பச்சைப்புளி ரசம், சந்தகையும் தேங்காய்ப்பாலும், கடைசிக்கு இனிப்பாக ஒப்பிட்டு. பெரிய மேஜையில் மேடத்தை உட்கார வைத்து எல்லாவற்றையும் பரிமாறிவிட்டு, என் வீட்டுக்காரர், நான், பையர்களோடு பேசுகிற எங்கள் மெர்ச்சண்டைசர் ஜெபா, கட்டிங் மாஸ்டர், பேக்கிங் பெண்கள் என்று அத்தனை பேரும் சுற்றி நின்றோம். எல்லார் கையிலும் ஒரு கரண்டி தயாராக இருந்தது.

மேடம் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றோம். அவர் மறுபடியும் சிரித்தார். கோழி ஆறியது. ரசம் ஆறியது. கடைசியில் இலை ஓரத்தில் இருந்த வாழைப்பழத்தை மெல்ல உரித்துத் தின்றுவிட்டு எழுந்து கும்பிட்டார்.

பிறகு எங்களுக்கு வர வேண்டிய ஆர்டர் வியட்நாமுக்குப் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார். "வியட்நாமு பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரு. அவிய என்ன திம்பாங்கன்னு அங்கத்த ஆளுகளுக்குத் தெரியும். சோத்துலயே வளைச்சுப் போட்டுட்டாங்க. நீ கோழிய வெச்சு ஆர்டரத் தொரத்தியுட்டுட்டே."

இந்தக் காரணம் நல்லூரோடு நிற்கவில்லை. குன்னத்தூரில் ஒரு கல்யாணத்தில் என் நாத்தனார், பந்தி முழுக்கக் கேட்கும்படி, "ஏம்புள்ள சாந்தா, பிரெஞ்சுக்காரிக்கு வெறும் வாழைப்பழந்தே போட்டியாமா?" என்றார். எனக்குக் கூட்டத்தில் பதில் சொல்ல வராது. தலையைக் குனிந்துகொண்டு பாயசத்தைக் குடித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் நல்ல நல்ல பதில்களாகச் சொன்னேன்.

இந்த வருஷம் கிளேர் மேடம் மறுபடி வருகிறார் என்று ஜெபாவுக்கு மெயில் வந்தது. இந்த முறையும் ஆர்டர் கைநழுவினால் பாதி மெஷின்களுக்கு உறை போட்டு மூட வேண்டியதுதான். அதே சமயம் சைகோனில் ஒரு மெஷின் வியாபாரி என் வீட்டுக்காரரை அழைத்திருந்தார். "நீயும் வா. நான் மெஷினப் பாக்கறேன். நீ பிரெஞ்சுக்காரங்க தெரு எங்கிருக்குதுன்னு பாத்து, என்ன திங்கறாங்க, எப்படிப் பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்துரு" என்றார் என் வீட்டுக்காரர்.

கோவையில் படிக்கும் என் மகள் போனில் சிரித்தாள். "அம்மா, பாண்டிச்சேரிக்கு பஸ்ஸே இருக்குதே!"

"ஆர்டர் பாண்டிச்சேரிக்கா போச்சு?" என்று அவர் போனைப் பிடுங்கிக் கேட்டார்.

*

சைகோனில் இறங்கிய சாயங்காலம் முதலில் பார்த்தது பைக். ஷிஃப்ட் விடும் நேரத்தில் நல்லூர் ரோடு எப்படி இருக்குமோ அப்படி, ஆனால் ஊர் முழுக்க. ரோட்டில் இடம் இல்லையென்றால் நடைபாதையில் ஏறிக்கொள்கிறார்கள். எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரியே இருந்தது.

ரோட்டைத் தாண்ட என் வீட்டுக்காரர் பயந்துபோய் நின்றுவிட்டார். பல்லடம் முக்கில் பஸ்களுக்கு நடுவே தாண்டிப் பழகிய நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இங்கே நாம் நின்று விடாமல் மெதுவாக நடந்தால் போதும். வண்டிகள் நம்மைச் சுற்றிக்கொண்டு போகின்றன. பல்லடம் பஸ்கள் நாம் சுற்றிக்கொண்டு போவோம் என்று எதிர்பார்க்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என்னைப் பிரெஞ்சுச் சாப்பாடு தேட அனுப்பிய மனிதர், ஊரிலிருந்து ஒரு சின்ன எலக்ட்ரிக் குக்கரும் பருப்புப்பொடியும் தக்காளித் தொக்கும் கொண்டுவந்திருந்தார். ஓட்டல் அறையில் சோறு பொங்கி, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்றார். "நாம ரெண்டு பேரும் வயித்தக் கெடுத்துக்கக்கூடாது பாரு. நீ தின்னு பாத்துச் சொல்லு."

*

மறுநாள் காலை அவர் மெஷின் பார்க்கப் போய்விட்டார். நான் ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் போய் நின்றேன். கேட்க வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நின்றதில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் அந்தப் பெண்ணே எழுந்து வந்து போனை நீட்டினாள். அவர்கள் பாஷையில் பேசினால் நம் பாஷையில் எழுதியும் சொல்லியும் காட்டுகிற வசதி இப்போது எல்லோர் போனிலும் இருக்கிறது.

"பிரெஞ்சுக்காரங்க தெரு எதுங்க?" என்று கேட்டேன்.

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு காலத்தில் எல்லாமே அவர்கள் தெருதான். இப்போது எல்லாமே எங்கள் தெரு."

அப்புறம் இரக்கப்பட்டு, வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டாள். மாதா கோயில், தபாலாபீஸ், நாடகக் கொட்டகை எல்லாம் அதற்குள் வந்தன. வெளியே நின்ற வாடகை பைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு அந்த வட்டத்தை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொன்னாள்.

சேலையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்தேன். பைக்காரர் திரும்பிப் பார்த்து, கால்களை இரண்டு பக்கமும் போடச் சொல்லி ஜாடை காட்டினார். முடியாது என்று நான் ஜாடை காட்டினேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஜாடையிலேயே சண்டை போட்டோம். நான் ஜெயித்தேன். ஊரில்தான் எனக்கு வாய் வராது. வெளிநாட்டில் கை நன்றாக வருகிறது.

கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது. தூறல் என்ற பேச்சே இல்லை, எடுத்த எடுப்பில் கொட்டியது. ஊரே ஒரே நொடியில் நின்று மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு மறுபடி கிளம்பியது. பைக்காரரின் கோட்டு பின்னால் நீளமாக இருந்தது. அதைத் தூக்கி என் தலைமேல் போட்டு மூடிவிட்டார். அங்கே அப்படித்தான், பின்னால் உட்கார்ந்திருப்பவர் கோட்டுக்குள்ளேயே பயணம் செய்ய வேண்டும்.

ஆக, சைகோனின் பிரெஞ்சுப் பகுதி முழுவதையும் ஒரு பிளாஸ்டிக் கோட்டுக்குள் இருந்தபடி சுற்றினேன். என் கண்ணுக்குத் தெரிந்தது அவருடைய டீ-ஷர்ட்டின் முதுகு மட்டும். ஒவ்வொரு இடத்திலும் வண்டியை நிறுத்தி ஏதோ உரக்கச் சொல்வார். "ம்" என்பேன். மறுபடி கிளம்புவார். அந்த நேரத்தில் டீ-ஷர்ட்டைப் பார்த்து முடித்தேன். தோள் தையல் இழுபடாமல் இருக்க வைக்கும் டேப் இல்லை. ஒரு பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்குப் போயிருந்தது. கைக்கு எட்டியதால் துணியை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துக் கனம் பார்த்தேன். திருப்பூர்க்காரர்களுக்கு இது தானாக வரும். பைக்காரர் துள்ளிவிட்டார். நல்லவேளை, வண்டி சிக்னலில் நின்றிருந்தது.

மழை விட்டதும் அவர் என்னைத் தபாலாபீஸ் வாசலில் இறக்கிவிட்டு, கொஞ்சம் வேகமாகவே போய்விட்டார்.

மஞ்சள் சுவரும் வளைந்த கூரையுமாக, அந்தத் தபாலாபீஸ் அழகுதான். உள்ளே கூட்டம் கூட்டமாகப் போட்டோ எடுக்கிறார்கள். எங்கள் ஊர்த் தபாலாபீஸில் யாராவது கேமராவைத் தூக்கினால் என்ன ஏது என்று விசாரிப்பார்கள். ஆனால் ஸ்டாம்பைத் தவிர நாக்கில் வைக்கும்படி அங்கே எதுவும் இல்லை.

வெளியே ஒரு தள்ளுவண்டியில் ரொட்டி விற்றார்கள். நீளமாக, மேலே முறுகலாக. பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த ரொட்டிதான், பான் மீ என்கிறார்கள். மாடும் பன்றியும் நான் தொடுவதில்லை. முட்டையைக் காட்டினேன். விற்ற அம்மா ரொட்டியைக் கீறி, முட்டை, வெள்ளரி, கொத்தமல்லி, மிளகாய் எல்லாம் அடைத்துக் கொடுத்தார். ருசி பிரமாதம். ஆனால் கடிக்கும்போது எழுந்த சத்தத்தில் எதிரே நின்ற புறா பறந்தது.

"கொத்தமல்லியும் மெளகாயுமா? அது பிரெஞ்சு இல்ல, நம்மாளுக சாப்பாடு" என்று ராத்திரி என் வீட்டுக்காரர் தள்ளுபடி செய்துவிட்டார். வாயில் பருப்புப்பொடி சோறு இருந்தது.

*

அடுத்த நாள் நடந்தே கிளம்பினேன். பெரிய மரங்கள் வரிசையாக நிற்கும் தெரு ஒன்றில் கண்ணாடி போட்ட பேக்கரி இருந்தது. உள்ளே போகலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று, பிறகு ஒரு குடும்பம் நுழையும்போது அவர்களோடு சேர்ந்து நுழைந்துவிட்டேன். பிறை வடிவத்தில் இருந்ததைக் கை காட்டி வாங்கினேன். ஒரு கடி கடித்ததும் புரிந்தது: ஊட்டி வர்க்கிக்கு வசதியான இடத்தில் கட்டிக்கொடுத்த தங்கச்சி. அதே அடுக்கு, அதே உதிர்தல். சேலை முழுக்க உதிர்ந்ததைத் தட்டிவிட்டுத் திரும்பினால் தரை முழுக்க என் பாதை தெரிந்தது. துடைப்பத்தோடு வந்த பெண் சிரித்தாள். நான் துடைப்பத்தை வாங்கப் போனேன், அவள் தரவில்லை.

பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் இருப்பதாகத் தெரிந்து அங்கும் போனேன். நம் கோபுரம், நம் அம்மன், கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாம்காரர்கள். ஒரு பெண் பின்சுவரில் நெற்றியை வைத்து நீண்ட நேரம் ஏதோ முணுமுணுத்தாள். அம்மனுக்கு அவர்கள் பாஷையும் தெரியும் போலிருக்கிறது. நானும் நெற்றியைச் சுவரில் வைத்து, "அந்தப் பொம்பள எங்கூட்டுல ஒரு வாய் சாப்பிடோணும் தாயே" என்றேன். பிரசாதமாகக் கையில் கிடைத்தது வாழைப்பழம். அம்மனும் குன்னத்தூர்க் கல்யாணத்துக்கு வந்திருப்பாளோ என்று சந்தேகமாக இருந்தது.

மத்தியானம் ஒரு சந்துக்குள் சின்னப் பிரெஞ்சு ஓட்டலைக் கண்டுபிடித்தேன். எல்லா மேஜையும் நிறைந்திருந்தது. பரிமாறும் பெண் என்னைக் கூட்டிக்கொண்டு போய், தனியாக உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கு எதிரே உட்கார வைத்தாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் தலையசைத்தார். நான் எழுந்து நின்று தலையசைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

மெனு அட்டையில் எனக்குப் புரிந்த ஒரே சொல் ஆம்லெட். அதைச் சொன்னேன். வழக்கம்போல என் குரல் எனக்கே கேட்காத அளவில் சொன்னேன்.

எதிரே இருந்த அம்மாவுக்கு வெங்காய சூப் வந்தது. ஆவி பறந்தது. அவர் கரண்டியை எடுக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஆறிப்போகுமே என்று எனக்குப் பதைப்பு. "சாப்பிடுங்க" என்று கையால் காட்டினேன். சிரித்துத் தலையாட்டினார். இன்னொரு முறை காட்டினேன். அதே சிரிப்பு. ஆவி நின்றது. சூப்பின் மேல் ஏடு கட்ட ஆரம்பித்தது. என் ஆம்லெட் வரவே இல்லை. என் குரல் சமையலறை வரை போயிருந்தால்தானே வரும்.

அந்தச் சிரிப்பை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. ஏடு கட்டிய சூப்பையும் அந்தச் சிரிப்பையும் மாறி மாறிப் பார்த்தேன். சட்டென்று நல்லூர் மேஜையும் ஆறிப்போன கோழியும் கண்ணில் வந்தன. அதே சிரிப்பு!

வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். "ஏனுங்க சாப்பிடாம இருக்கறீங்க?" என்று கேட்டேன். அவர் குனிந்து போனில் பேசினார். போன் மேடைப் பேச்சாளர் மாதிரி தமிழில் முழங்கியது: "தங்களுடைய உணவு இன்னும் வந்து சேரவில்லை. ஒரே மேஜையில் அமர்ந்திருக்கும் ஒருவர் உண்ணத் தொடங்காதபோது நான் எவ்வாறு உண்பது?"

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அதெல்லாம் தெரியவில்லை.

எங்கள் பக்கம் விருந்தாளி சாப்பிட்டு எழும்வரை வீட்டு ஆட்கள் உட்காரக்கூடாது. நின்று பார்த்துப் பார்த்துப் பரிமாற வேண்டும். உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு. கிளேர் மேடமோ நாங்கள் எப்போது உட்காருவோம் என்று காத்திருக்கிறார். நாங்கள் அவர் எப்போது தின்பார் என்று காத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் மரியாதை முற்றி, நடுவில் கோழி அநாதையாகிவிட்டது.

பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டேன். "ஆம்லெட்!" என்று நான் போட்ட சத்தம் எனக்கே புதிது. அது வந்தது. நான் முள்கரண்டியை எடுத்தேன். அந்தம்மா கரண்டியை எடுத்தார்.

ஒரு சந்தேகத்துக்கு நான் முள்கரண்டியைக் கீழே வைத்துப் பார்த்தேன். அவரும் மெதுவாகக் கையை நிறுத்தி, ஏதாவது வேண்டுமா என்பது போலப் பார்த்தார். எடுத்தேன், எடுத்தார். இன்னொரு தடவையும் சோதித்துப் பார்த்தேன். பாவம், ஆறின சூப்பு. அப்புறம் மனசாட்சி உறுத்தியதால் நிறுத்தாமல் தின்று முடித்தேன்.

*

ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் குக்கரைக் கழுவிக்கொண்டே, "எவளோ சூப்ப ஆறவெச்சதுக்கும் நம்ம ஆர்டருக்கும் என்ன சம்பந்தம்? ரெசிப்பி கெடச்சுதா, அதச் சொல்லு" என்றார்.

ஊருக்குக் கிளம்பும் முன் அந்த நீள ரொட்டிகளை ஒரு கட்டு வாங்கிக்கொண்டார். நல்லூர் வந்து சேர்ந்தபோது அவற்றால் ஆணி அடிக்கலாம் போலிருந்தது. தெருநாய் மோந்து பார்த்துவிட்டு எங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

கிளேர் மேடம் வருகிற அன்று, என் வீட்டுக்காரர் கோவையிலிருந்து பிறை வர்க்கியும் சீஸும் கேக்கும் பெட்டி பெட்டியாகத் தருவித்தார். மேஜையின் ஒரு பாதி பிரான்ஸ். மறு பாதியில் நான் போன வருஷம் செய்த அதே கோழி, அதே அரிசிம்பருப்பு சோறு, அதே ரசம், சந்தகை, ஒப்பிட்டு. ஒன்றைக்கூட மாற்றவில்லை. இந்த முறையும் மேடம் இதைத் தொடாமல் போனால் குன்னத்தூர்ப் பக்கமே தலைகாட்டக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

மேடம் உட்கார்ந்தார். எல்லோரும் வழக்கம்போலக் கரண்டியோடு சுற்றி நின்றார்கள். என் கல்யாணத்தன்று தவிர அத்தனை பேர் பார்க்க நான் இலை முன்னால் உட்கார்ந்ததே இல்லை. அன்றும் முழுசாகச் சாப்பிடவில்லை. நாற்காலியை இழுத்து மேடத்துக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"ஏய், என்ன பண்றே?" என்றார் என் வீட்டுக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சாப்பிடறனுங்க. ஜெபா, நீயும் உக்காரு கண்ணு."

சாத்தூர்க்காரியான ஜெபாவுக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை. "காலையிலருந்தே பசிக்கிக்கா" என்று உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்துக் கட்டிங் மாஸ்டரும் பேக்கிங் பெண்களும் உட்கார்ந்தார்கள்.

"எல்லாரும் உக்காந்துட்டா பரிமாறுறது யாரு?" என்றார் அவர்.

"நீங்கதானுங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் நிமிர்ந்து பார்த்ததும் அது புன்னகையாக மாறியது. நான் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். மேடம் என் கையைப் பார்த்தார். பிறகு தானும் விரல்களால் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். அடுத்த வாய்.

அதன் பிறகு நிற்கவில்லை. கோழி இரண்டாம் முறை போனது. நான் நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார் என்ற பயத்தில் நானும் வயிறு வெடிக்கத் தின்றேன். அந்த வாரம் முழுக்க எனக்கு ஓமத்தண்ணிதான்.

ஒப்பிட்டைத் தின்றபடி மேடம் ஜெபாவிடம் ஏதோ சொன்னார். ஜெபா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "போன தடவ நீங்க ஒருத்தருமே சாப்பிடலயாம்க்கா. எல்லாரும் ஏதோ விரதம்போல, நாம மட்டும் எப்படித் திங்கன்னு நெனச்சாங்களாம். கோழி வாசத்துல உயிரு போச்சாம். ஏர்போர்ட் போய் எதையோ தின்னாங்களாம்."

என் வீட்டுக்காரர் கரண்டியோடு அப்படியே நின்றார். "அப்ப ஆர்டர் போனது சாப்பாட்டுனால இல்லியா? கேளு" என்றார்.

ஜெபா கேட்டாள். மேடம் ஆச்சரியமாகப் பார்த்து, ரொம்பச் சுருக்கமாகப் பதில் சொன்னார்.

"சாப்பாட்டுக்கும் ஆர்டருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காங்க சார். நாம அனுப்புன சாம்பிள்ல நீலக் கலரு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்துச்சாம். அதான் அங்கன போச்சாம். இந்தத் தடவ நமக்குத்தான் தாறாங்களாம். கலர மட்டும் நீங்களே நின்னு பாக்கணும்னு சொல்லுதாங்க."

கலர் பார்த்து அனுப்புவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. ஒரு வருஷமாக என் கோழியின் தலையில் கிடந்த பழி மெல்ல எழுந்து நடந்து போய் அவர் தோளில் உட்கார்ந்தது. ஒப்பிட்டின் மேல் இன்னொரு கரண்டி நெய் மட்டும் கேட்டேன். ஊற்றினார்.

நாங்கள் கை கழுவி வந்ததும் மேடம் அவரைக் கைகாட்டி, நீங்கள் சாப்பிடவில்லையே என்றார். அவர் மறுக்க மறுக்க அவரைப் பிடித்து உட்கார வைத்தோம். அன்று அவர் எங்களுக்கு விருந்தாளி மாதிரி. ஆகவே வழக்கப்படி மேடம், நான், ஜெபா, கட்டிங் மாஸ்டர், பேக்கிங் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று அவரையே பார்த்தோம்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றோம்.

அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரித்தார். சோற்றைத் தொட்டார், எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இலை ஓரத்தில் இருந்த வாழைப்பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.